அண்டர்கவர் சத்தம் போடுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கார் ஓட்டுபவர்களுக்குப் பாதி தார்ச்சாலை, பாதி தோட்டச் சாலை. செம்மண் தடத்தில் இரண்டு சக்கரக் குழிகளுக்கும் நடுவே மேடு எழும்பி நிற்கும். அதில் கல் கிடக்கும், வெட்டிப் போட்ட செம்பனை மட்டை கிடக்கும், டிராக்டரில் இருந்து விழுந்த பழக்குலையும் கிடக்கும். இத்தனை அடியையும் முதலில் வாங்குவது வண்டிக்கு அடியில் இருக்கும் அண்டர்கவர்தான்.

எஞ்சினுக்குக் கீழே முன்பக்கம் ஒரு பெரிய தட்டு எல்லா வண்டியிலும் அநேகமாக இருக்கும். புதிய மாடல்களில் புகைக்குழாயின் இரு பக்கமும் நீளத் தட்டுகள், பின்பம்பருக்கு அடியில் ஒன்று, முன்சக்கரங்களுக்கு எதிரே தொங்கும் சின்ன மடல்கள் என்று இன்னும் சில உண்டு. சில கெட்டிப் பிளாஸ்டிக், சில அழுத்தி வார்த்த கம்பளம். காற்று தடையில்லாமல் அடியில் ஓடுவதற்காகவும், சேறும் கல்லும் மேலே தெறிக்காமல் இருப்பதற்காகவும் வைத்தவை.

"அண்ணே, கீழே என்னமோ இழுக்குது" என்று எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிளிப்பும் ஒரு அகல வாஷரும் போதும். அதே சத்தத்துக்கு லோவர் ஆர்ம், அப்சார்பர் என்று சக்கரத்தைத் தாங்கும் பாகங்களை மாற்றிப் பணத்தை விட்டவர்களும் வருகிறார்கள். தொல்லை விட்டது என்று தட்டையே கழற்றி எறிந்துவிட்டு, பிறகு வேறு கோளாறோடு வருபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே வேண்டாத செலவு. சத்தம் எப்போது வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கீழே படுப்பதற்கு முன்

பூட்டில் (டிக்கியில்) இருக்கும் ஜாக் டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு வேண்டும், கைப்பிரேக் வேண்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வேண்டும். வீட்டு முற்றம் செம்மண்ணாக இருந்தால் ஸ்டாண்டுக்குக் கீழே தடித்த பலகை போடுங்கள். மழை பெய்த மண்ணில் ஸ்டாண்டின் கால் ஒரு பக்கம் மெல்ல இறங்குவது மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

ஜாக்கைத் தட்டின் மேல் வைக்காதீர்கள். அது கார்ட்போர்டு கனம்தான், உடனே உடைந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு நன்றாக ஆறவிடுங்கள். புகைக்குழாயும் அதன் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் தோலை உரித்துவிடும் சூட்டில் இருக்கும். கையுறை போடுங்கள். தட்டின் மேல்பக்கம் எலிக் கூடு இருக்கலாம், கூட்டைத் தேடிப் பாம்பும் வந்திருக்கலாம்.

முதலில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. கிளிப்பின் நடு ஆணிக்குள் செம்மண் இறுகிப் போய், ஆணி அசையாது. திருப்புளியால் நெம்பினால் தலை உடைந்து கையோடு வரும். கழுவி, ஊறவிட்டு, பிறகு தொட்டால் அதே கிளிப்பைத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

அறிகுறி 1: சாலையில் உரசும் சத்தம்

மேடு, பம்பு (வேகத்தடை) ஏறும்போது மட்டும் 'சர்ர்' என்று கேட்டால்

தட்டு கீழே தொய்ந்திருக்கலாம், அல்லது வண்டி மொத்தமாக இறங்கி இருக்கலாம். பூட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கல்யாண வீட்டுக்கு அரிசி மூட்டையும் ஐந்து பெரியவர்களும் ஏறிய வண்டி உரசத்தான் செய்யும். பாரம் இல்லாமலும் உரசினால் டயர் காற்றைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று நான்கு சக்கரத்தின் மேலும் ஃபெண்டர் இடைவெளியை அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் அது பட்டறை வேலை.

விடாமல் உரசிக்கொண்டே வந்தால்

ஓரமாக நிறுத்திக் குனிந்து பாருங்கள். தட்டின் எந்த விளிம்பு தொங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முன்விளிம்பு தொங்கினால் அந்த இடத்திலிருந்து ஓட்டாதீர்கள். வேகம் எடுத்ததும் தட்டு கூடை மாதிரி காற்றை அள்ளும், மிச்சம் இருக்கும் கிளிப்புகளையும் பிய்த்துக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் போகும். கன மழையில் தேங்கிய தண்ணீருக்குள் வேகமாக இறங்கிய பிறகு வரும் வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். தண்ணீர் முன்விளிம்பில் மோதிக் கிளிப்பைப் பிடுங்கிவிடுகிறது.

பின்விளிம்பு தொங்கினால் மெதுவாக முன்னால் ஓட்டிப் போகலாம். ஆனால் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். ரிவர்ஸில் அந்த விளிம்பு தரையைக் குத்தி, தட்டு நடுவில் மடிந்து கிழியும். பட்டறை வாசலில் நல்லபடியாக வந்து நின்ற தட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது கிழிந்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

சாலையோரத்தில் தற்காலிகமாகக் கட்டுவதானால் பிளாஸ்டிக் கேபிள் டை போதும், புகைக்குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் கூடாது. கயிறு வேண்டாம். அவிழ்ந்தால் டிரைவ் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும். கட்ட இடமே இல்லை என்றால் மிச்சத்தையும் கழற்றிப் பூட்டில் போட்டுக்கொண்டு போங்கள். எறிந்துவிடாதீர்கள், அந்தத் தட்டைத்தான் திரும்பவும் மாட்டப் போகிறோம்.

பிறகு வீட்டில், செலவு குறைந்ததில் தொடங்கி இப்படிப் பாருங்கள்.

முதலில் கிளிப். நடுவில் ஆணி உள்ள கிளிப்பில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் ஆணியை வெளியே இழுத்தால் கழலும், இன்னொன்றில் ஆணியைச் சற்று உள்ளே அமுக்கினால் கழலும். எதுவென்று தெரியாமல் இழுப்பதால்தான் உடைகிறது. மாட்டும்போது ஆணியை வெளியே எடுத்த நிலையில் உடலை முழுதாகத் துளைக்குள் இறக்கிவிட்டு, அதன்பிறகு ஆணியைத் தலைமட்டத்துக்கு அமுக்க வேண்டும். ஆணி மேலே துருத்திக்கொண்டிருந்தால் அது பூட்டவில்லை. பழைய கிளிப்பின் விட்டத்தை அளந்துகொண்டு போய் வாங்குங்கள். கண்மதிப்பில் வாங்கியது துளையில் ஆடும்.

அடுத்து போல்டு. பெரும்பாலும் 10 மி.மீ. தலை. போல்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை என்றால் உள்ளே மாட்டியிருக்கும் தகட்டு நட்டு விரிந்துவிட்டது, அல்லது துருப்பிடித்து விழுந்துவிட்டது. விரிந்ததை இடுக்கியால் நெருக்கித் திரும்பச் சொருகலாம். விழுந்ததற்குப் புதிது சில்லறைக் காசுதான். போல்டு தொலைந்தால் அதே நீளத்தில் போடுங்கள். நீளமான போல்டு உள்ளே போய் ரேடியேட்டரையோ வயரையோ தொடும்.

துளை கிழிந்திருந்தால் பெரிய இரும்பு வாஷரைத் தட்டின் அடியில் வைத்து இறுக்குங்கள். தட்டில் விரிசல் ஓடியிருந்தால், விரிசல் முடியும் இடத்தில் சின்னத் துளை போடுங்கள். அதோடு விரிசல் நின்றுவிடும். பிறகு இரு ஓரமும் துளையிட்டுக் கேபிள் டையால் தைத்துவிடலாம். பார்க்க அழகில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

தட்டு பாதி இல்லை என்றால் புதிது அல்லது ஹாஃப்கட் கடையில் (பழைய கார் பாகங்கள் விற்கும் கடை) பழையது. அதே மாடல், அதே தயாரிப்பு ஆண்டு, அதே எஞ்சின் என்று சொல்லி வாங்குங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் தலைமுறை மாறினால் துளைகள் பொருந்தாது.

தட்டு மாட்டும் இடமே, அதாவது பம்பரின் கீழ்ச்சட்டமோ ரேடியேட்டர் தாங்கியோ வளைந்திருந்தால் நிறுத்துங்கள். அதைத் தட்டி நிமிர்த்துவது பட்டறைக்காரர் வேலை. வண்டியின் அடியில் உங்கள் இஷ்டத்துக்குத் துளை போட்டு ஸ்க்ரூ அடிக்கவே கூடாது. பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அந்த வழியில்தான் ஓடுகின்றன.

அறிகுறி 2: ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் 'படபட' அல்லது விசில்

ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் இருக்காது. நெடுஞ்சாலையில் 80, 90 தொட்டதும் காலடியில் படபடக்கும். லோரியை முந்தும்போது கூடும், காற்று மாறினால் குறையும். இப்படி இருந்தால் காற்றுதான் காரணம் என்று நம்பலாம்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. சத்தம் வரும் வேகத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது, ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். நியூட்ரலுக்குப் போகாதீர்கள், எஞ்சினை அணைக்கவே அணைக்காதீர்கள். கால் எடுத்த அந்தக் கணமே சத்தம் நின்றால் அது எஞ்சின் பக்கத்துக் கோளாறு, அறிகுறி 3-க்குப் போங்கள். வேகம் மெல்லக் குறையக் குறையச் சத்தமும் குறைந்தால் காற்று.

காற்று என்றால் தட்டின் முன்விளிம்பில் நடுக் கிளிப்பு இல்லாமல் இருப்பதுதான் வழக்கமான காரணம். இரு ஓரமும் பிடித்திருக்கும், நடு மட்டும் துடிக்கும். கைமுட்டியால் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். 'தொப்' என்ற இடம் நன்றாக இருக்கிறது. 'தடதட' என்று இரண்டு முறை கேட்கும் இடத்தில் கிளிப்பைத் தேடுங்கள்.

அங்கே எல்லாம் சரி என்றால் சக்கரக் கிண்ணத்துக்குள் இருக்கும் உறையைப் பாருங்கள். அது அண்டர்கவரோடு ஒரே கிளிப்பில் சேரும் இடம் அடிக்கடி விட்டுப்போகும். அடுத்து முன்சக்கரத்துக்கு எதிரே இருக்கும் மடல். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால் அதுவே போதும் சத்தத்துக்கு.

இன்னும் பிடிபடவில்லையா? ஓரத்தைத் துடைத்துவிட்டு டக்ட் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். ஒரு முறைக்கு ஓர் இடம் மட்டும். நான்கு இடத்தில் ஒட்டிச் சத்தம் நின்றால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வாயை மூடாதீர்கள், புகைக்குழாய் அருகே ஒட்டாதீர்கள். சோதனை முடிந்ததும் டேப்பை எடுத்துவிடுங்கள்.

அடியில் எதுவும் இல்லை என்றால் விசில் மேலே இருந்து வருகிறது: கதவு ரப்பர், கண்ணாடியின் விளிம்பு, கூரைக் கம்பி. அதே டேப் முறையிலேயே அதையும் பிடிக்கலாம்.

அறிகுறி 3: தோட்டச் சாலையில் 'கடகட'

வேகம் 20, 30. செம்மண் பாதையில் மட்டும் சத்தம். இங்கேதான் தப்பான சாமான் மாற்றுவது அதிகம் நடக்கிறது.

பிரேக் போட்டால் முன்னால் ஏதோ உருளுகிறது, வளைவில் பக்கவாட்டில் உருளுகிறது என்றால் தட்டின் மேல் கல் கிடக்கிறது. செம்பனை உதிரிப் பழமும் இப்படி உள்ளே போய் உட்காரும். எஞ்சின் ஆயில் மாற்றுவதற்காகத் தட்டில் விட்டிருக்கும் துளை வழியாகவோ, சக்கரப் பக்கத்து இடைவெளி வழியாகவோ ஏறிவிடும். தட்டைக் கழற்றிக் கொட்டினால் போதும், செலவே இல்லை.

நின்ற இடத்திலேயே, எஞ்சின் ஓடும்போது 'கிர்ர்' என்று தகரம் அதிர்ந்தால், அதுவும் குறிப்பிட்ட எஞ்சின் சுற்றில் மட்டும் வந்து போனால், புகைக்குழாய் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு. அதன் போல்டு துளை துருப்பிடித்து அகன்றிருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு அகல வாஷர் போட்டு இறுக்கலாம். தகட்டைப் பிடுங்கி எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் சூடு நேராகப் பிளாஸ்டிக் தட்டுக்கும் வண்டியின் தரைக்கும் போகும்.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது 'டொக்' என்று ஒற்றைச் சத்தம் வந்தால் சக்கரப் பக்கத்துச் சின்ன இணைப்புக் கம்பியான ஸ்டெபிலைசர் லிங்க்கை முதலில் சந்தேகப்படுங்கள். பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் 'டொக்' என்றால் லோவர் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ். இவை அண்டர்கவரோடு சம்பந்தமில்லாதவை, வண்டியைத் தூக்கி இரும்புக் கம்பியால் நெம்பிப் பார்க்க வேண்டியவை. பட்டறைக்குப் போங்கள். போகும்போது தட்டைச் சரியாக மாட்டிவிட்டுப் போங்கள். தளர்ந்த தட்டோடு போனால் எந்தச் சத்தம் எதனுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அறிகுறி 4: கருகும் வாடை

இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள். பாதுகாப்பாக நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள், எல்லோரும் இறங்குங்கள். காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். புகையோ தீயோ தெரிந்தால் விலகி நின்று 999-ஐ அழையுங்கள். பானெட்டை முழுதாகத் திறக்காதீர்கள், காற்று புகுந்து தீ எழும்பும்.

புகை இல்லை, வாடை மட்டும் என்றால் ஆறிய பிறகு பாருங்கள்.

பிளாஸ்டிக் வாடை: தட்டு தொய்ந்து புகைக்குழாயைத் தொட்டிருக்கும். தொட்ட இடம் பளபளவென்று உருகித் தெரியும். ரப்பர் கொக்கி அறுந்து புகைக்குழாயே இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சாலையில் கிடக்கும் பிளாஸ்டிக் பையின் மேல் வண்டியை ஏற்றி, அது குழாயில் ஒட்டி எரிந்தாலும் இதே வாடைதான்.

சருகு வாடை: மட்டைத் துண்டு, லாலாங் புல், நார் எல்லாம் தட்டுக்கும் குழாய்க்கும் நடுவே சேர்ந்து காய்ந்திருக்கும். எலிக் கூடும் இப்படித்தான் எரியத் தொடங்கும். செம்பனைத் தோட்டங்களில் எலிக்காக ஆந்தைக் கூண்டு வைத்து வளர்க்கிறார்கள் என்றால் எலி எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் ஓடாத வண்டியின் தட்டு அவற்றுக்கு நல்ல இடம். கூட்டைக் கண்டால் சுத்தம் செய்வதோடு விடாதீர்கள், வயர்களைக் கடித்திருக்கிறதா என்று வயர்மேனிடம் காட்டுங்கள்.

எண்ணெய் வாடை: கசிவு. கம்பளத் தட்டு எண்ணெய் குடித்திருந்தால் கழுவிப் பயனில்லை. மாற்றிவிடுங்கள். எண்ணெய் ஊறிய கம்பளத்தைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வைத்து ஓட்டுவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. பெட்ரோல் வாடை என்றால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 5: சூடு ஏறுகிறது

நெரிசலில், சிக்னலில் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் அண்டர்கவர் காரணமில்லை. ரேடியேட்டர் காற்றாடி, கூலண்ட், தெர்மோஸ்டாட் என்று போங்கள்.

ஊருக்குள் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் அல்லது ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும்போது மட்டும் முள் உயர்ந்தால், "அண்டர்கவரைக் கழற்றினீர்களா?" என்று நான் கேட்பேன். சில வண்டிகளில் ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் தடுப்பும் முன்தட்டும் சேர்ந்துதான் காற்றை ரேடியேட்டர் வழியாகப் போகவைக்கின்றன. அவை இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியாக அடியில் நழுவிவிடும். காற்றோட்டம் கூடும் என்று நினைத்துத் தட்டைக் கழற்றுபவர்களுக்கு நடப்பது நேர்மாறு.

முதலில் ஆறிய எஞ்சினில் கூலண்ட் மட்டம் பாருங்கள். பிறகு ரேடியேட்டரின் முன்முகத்தில் பூச்சி, புல் விதை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டப் பக்கத்து வண்டிகளில் இது சாதாரணம். அழுத்தம் இல்லாமல் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகு தட்டும் தடுப்பும் முழுதாக இருக்கின்றனவா. இம்மூன்றும் சரியாக இருந்தும் ஏறினால் வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் என்று செலவுப் பக்கம் போகிறது, மெக்கானிக்கிடம் விடுங்கள். முள் சிவப்பில் நிற்க, வீடு வரை போய்விடலாம் என்று ஓட்டாதீர்கள்.

அறிகுறி 6: தட்டில் இருந்து சொட்டுகிறது

நிறமில்லாத, வாடையில்லாத தண்ணீர் என்றால் ஏர்கான் தண்ணீர். விடுங்கள்.

ஆயில் மாற்றிய மறுநாளே பழுப்பாகச் சொட்டினால், ஃபில்டரைக் கழற்றும்போது சிந்தியது தட்டில் தேங்கியிருக்கலாம். தட்டைத் துடைத்துவிட்டு, டிப்ஸ்டிக்கில் மட்டத்தைக் குறித்துவைத்து, சில நாள் ஓட்டிப் பாருங்கள். மட்டம் குறையவில்லை, திரும்பச் சொட்டவில்லை என்றால் முடிந்தது.

திரும்பவும் சொட்டினால், சொட்டும் இடத்துக்கு நேர்மேலே கசிவு இருக்கும் என்று எண்ணாதீர்கள். தட்டு பின்பக்கம் சாய்வாக இருப்பதால், முன்னால் கசிந்தது பின்னால் வந்து விழும். தட்டைக் கழற்றி, மேலே துடைத்து, வெள்ளை அட்டையை விரித்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துப் பாருங்கள். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் கூலண்ட். சிவப்பு பெரும்பாலும் கியர் எண்ணெய் அல்லது பவர் ஸ்டீயரிங். சக்கரத்துக்குப் பக்கத்தில் வழுவழுப்பான வெளிர்மஞ்சள் தெரிந்தால் பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

ஆயில் மாற்றிய பிறகு வண்டியை எடுக்கும்போது குனிந்து எண்ணுங்கள். எத்தனை துளை, எத்தனை போல்டு. பாதி போல்டோடு திருப்பிக் கொடுப்பது ஒரு கெட்ட பழக்கமாகவே பல இடங்களில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் தட்டு பறப்பதற்கு முக்கியக் காரணமும் அதுதான். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

அறிகுறி 7: வேகத்தில் வண்டி மிதக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது

1999 லீ மான்ஸ் பந்தயத்தில் மெர்சிடிஸ் சிஎல்ஆர் வண்டிகள் மேடேறும் இடத்தில் முன்பக்கம் தூக்கி, அடியில் காற்று புகுந்து, அப்படியே பறந்து புரண்டன. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஸ்டீயரிங் லேசானதும் பயந்து வருகிறார்கள். அவை தரையோடு ஒட்டி, 300 கி.மீ. வேகத்தில் ஓடிய பந்தய வண்டிகள். 110-இல் போகும் குடும்பக் காருக்கு அப்படி நடக்காது. டயர் காற்றையும் தேய்மானத்தையும் பாருங்கள், அலைன்மெண்ட் பாருங்கள், அதன்பிறகு ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட். இவை எல்லாம் சரியாக இருந்து, பின்பம்பர் அடித்தட்டு ஒரு பக்கம் கழன்று தொங்கினால் மட்டுமே தட்டைக் குற்றம் சொல்லலாம்.

அறிகுறி 8: பெட்ரோல் அதிகம் குடிக்கிறது

தட்டு இல்லாததால் கொஞ்சம் கூடலாம், நெடுஞ்சாலையில் மட்டும். மெர்சிடிஸ் 2022-இல் ஓட்டிக் காட்டிய விஷன் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் முன்மாதிரி வண்டி ஒரே சார்ஜில் 1,000 கி.மீ.க்கு மேல் ஓடியது. அடிப்பகுதியை வழவழப்பாக மூடியது அதில் ஒரு பங்கு. ஆனால் உங்கள் வண்டி திடீரென்று மாதத்துக்கு ஒரு டாங்க் கூடுதலாகக் குடித்தால் தட்டைத் தேடாதீர்கள். டயர் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் என்ற வரிசையில் போங்கள்.

மின்சார வண்டி என்றால்

அடியில் இருப்பது பேட்டரி. தட்டு கீறியிருந்தால் படம் எடுத்துக்கொண்டு நேராகச் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். துளை போடாதீர்கள், ஸ்க்ரூ அடிக்காதீர்கள், ஆரஞ்சு நிற வயரைத் தொடாதீர்கள். கல்லில் பலமாக மோதியிருந்தால், டாஷ்போர்டில் எச்சரிக்கை எதுவும் வராவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

மாணவர்கள் கட்டும் முன்மாதிரி வண்டி

பாலிடெக்னிக் பிள்ளைகள் சொந்தமாக அடித்தட்டு செய்துகொண்டு வந்து கேட்பதுண்டு. ஷெல் எக்கோ-மாரத்தான் ஆசியப் போட்டி 2010-இல் செப்பாங்கில் தொடங்கியதிலிருந்தே எரிபொருளை மிச்சப்படுத்தும் இந்த வண்டிகள் மேல் நம் பிள்ளைகளுக்கு ஆசை. அதில் முன்மாதிரி வண்டிக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

ஓட்டத்தில் தட்டு கீழே வளைந்தால்: தாங்கும் புள்ளிகள் குறைவு. கனமான பலகைக்குப் போகாதீர்கள், நடுவில் இன்னொரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். விளம்பரப் பலகைக்குப் போடும் நெளி பிளாஸ்டிக் இலகுவானது, ஆனால் நெளி வண்டியின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே வைத்தால் முன்விளிம்பு மடியும். சூடு படும் இடத்தில் அது கூடாது. கட்டடங்களில் ஒட்டும் அலுமினியக் கலப்புத் தகடும் கூடாது. உள்ளே இருப்பது எரியும் பிளாஸ்டிக்.

காற்று எங்கே பிரிகிறது என்று தெரியவில்லை என்றால்: விரல் நீளக் கம்பளி நூல்களை வரிசையாக டேப்பால் ஒட்டுங்கள், பக்கத்தில் இன்னொரு வண்டியில் இருந்து படம் எடுங்கள். படிந்து ஓடும் நூல் சரி. சுழன்று துடிக்கும் நூல் இருக்கும் இடத்தில் விளிம்பைச் சரிசெய்யுங்கள். பொதுச் சாலையில் இதைச் செய்யாதீர்கள். மூடிய திடல் வேண்டும், தீயணைப்பான் வேண்டும், ஓட்டுபவருக்கு ஹெல்மெட் வேண்டும். முதல் ஓட்டம் நடை வேகத்தில். இறங்கி ஒவ்வொரு பிடிப்பையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த வேகம். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் தட்டில் தட்டாமல் முழுதாகத் திரும்புகின்றனவா என்பதை ஆசிரியர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் யாரும் ஏறக்கூடாது.

சரிசெய்த பிறகு ஓட்டிப் பார்ப்பது

புது மாடலைச் சோதிக்கும் ஓட்டுநர்கள் செய்வதையே நாமும் செய்யலாம்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதே சாலை, அதே வேகம், போகவும் வரவும் இரு திசையிலும். ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் எதிர்க்காற்றா பின்காற்றா என்பது கணக்கைக் கெடுத்துவிடும். நான் ஈப்போ தெற்கு டோலில் ஏறி கோப்பெங்கில் இறங்கித் திரும்புவேன். அந்த நீளம் போதும். ரேடியோவையும் ஏர்கான் காற்றாடியையும் அணைத்துவிடுங்கள். சத்தத்தைத் தேடுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேலை, ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். சத்தம் வந்த வேகம், எந்தப் பக்கம், ஆக்சிலரேட்டர் மிதித்திருந்ததா என்ற மூன்றையும் அவர் போனில் குறித்துக்கொள்ளட்டும்.

திரும்பி வந்து, ஆறவிட்டு, குனிந்து முன்விளிம்பைக் கையால் கீழே இழுத்துப் பாருங்கள். விரல் நுழையும் அளவுக்கு எங்காவது விட்டால் அந்தக் கிளிப்பை மாற்றுங்கள். சத்தம் அப்படியே இருந்தால், போனில் குறித்ததை மெக்கானிக்கிடம் காட்டி, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு எதை மாற்றலாம் என்று பேசுங்கள்.